இரண்டு மணிக்கு நடுவில் ஒரு வறுசட்டி

நொலீனின் ஸ்கோன்களைக் கொன்றது நான்தான். வரிங்கா ஊர்ப் பொது மண்டபத்தில் அன்று இருந்த நாற்பது பேரும் சாட்சி.

ஜூலை மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. மாதாமாதம் அந்த நாளில்தான் எங்கள் ‘பழுது மேசை’ நடக்கும். ஊர்க்காரர்கள் கெட்டுப்போன சாமான்களைக் கொண்டு வருவார்கள். நாங்கள் சில கிழங்கள் அவற்றைத் திறந்து பார்ப்போம். பாதி சரியாகும், மீதி முன்னைவிட மோசமாகும், எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலைவோம். அன்று என் கையில் சாண்ட்விச் சுடும் கருவி ஒன்று. உள்ளே ஒரு வயர் தொங்கியது. அதை எங்கோ சொருகி, மூடியைத் திருகி, மிகுந்த தன்னம்பிக்கையோடு பிளக்கைச் செருகினேன்.

டமார்.

மண்டபம் முழுக்க இருட்டு. சமையலறை ஓவனும் அணைந்தது. அதற்குள் மாவட்டப் போட்டிக்காக நொலீன் வைத்திருந்த ஸ்கோன்கள் இருந்தன. பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் பிறந்த பண்டம் அது. பாதி எழும்பும்போது சூடு போனால் அப்படியே உட்கார்ந்துவிடும், பிறகு யார் சொன்னாலும் எழுந்திருக்காது. உட்கார்ந்துவிட்டன.

நொலீன் மண்டபத்துச் செயலாளர். கையில் தட்டோடு வெளியே வந்தாள். நான்கு வருடம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கியவள்.

“நெவில்.”

என்னை ஊரே நெவ் என்றுதான் கூப்பிடும். முழுப்பெயர் வந்தால் கதை வேறு.

“சொல்லு நொலீன்.”

“இது என்னன்னு தெரியுதா?”

“ஸ்கோன்.”

“காலையில ஸ்கோன். இப்ப இது செருப்பு. உன்கிட்ட லைசன்ஸ் இருக்கா?”

“பஸ் லைசன்ஸ் இருக்கு.”

அந்தப் பதிலை நான் சொல்லியிருக்கக் கூடாது. முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன் நான். வாயில் முதலில் வருவது அதுதான். பின்னால் யாரோ சிரித்தார்கள். நொலீன் சிரிக்கவில்லை. கரன்ட் சாமானைத் திறக்க இந்த மாநிலத்தில் லைசன்ஸ் வேண்டும், இல்லாதவன் தொட்டால் குற்றம், மண்டபத்துக்கு இன்சூரன்ஸும் கிடைக்காது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். சட்டப்படி ஏதாவது ஏற்பாடு செய்தால் அடுத்த மாதம் மேசை போடலாம். இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

எனக்குச் சட்டம் தெரியாது. நாற்பது வருடமாக வீட்டில் எல்லாவற்றையும் நானே திறந்து மூடியிருக்கிறேன், இன்னும் உயிரோடு இருக்கிறேன், ஆகவே எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இப்படி நினைத்தவர்களில் உயிரோடு இல்லாதவர்கள் வந்து என்னிடம் மறுத்துச் சொல்ல வழியில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அரசாங்க உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். இனிமையான குரலில் ஒரு பெண்.

“லைசன்ஸ் இல்லாதவங்க டோஸ்டரை ரிப்பேர் பண்ணலாமாம்மா?”

“அது பொருளைப் பொறுத்தது சார். நீங்க எந்த மாநிலத்துல இருக்கீங்க?”

“அதுதான் சிக்கலே. எங்க ஊர்ல பெரிய ரோடுதான் எல்லை. வடக்குப் பக்கம் குயின்ஸ்லாந்து, தெற்குப் பக்கம் நியூ சௌத் வேல்ஸ்.”

“நீங்க எந்தப் பக்கம் சார்?”

“மண்டபம் வடக்கு.”

“அப்போ லைசன்ஸ் இல்லாம பண்ணக் கூடாது சார்.”

“தெற்குப் பக்கம் போய்ப் பண்ணினா?”

“அங்க விதி வேற சார். அதை அவங்களைத்தான் கேக்கணும்.”

“ரோட்டு நடுவுல நின்னு பண்ணினா?”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

“வண்டி மோதும் சார்.”

இந்த விஷயத்தில் அடுத்த மூன்று மாதங்களுக்கு எனக்குக் கிடைத்த ஒரே உறுதியான தகவல் அதுதான்.

மாரிஸிடம் புலம்பினேன். மாரிஸ் தெற்குப் பக்கத்துப் பந்துக் கிளப்பின் மேனேஜர். புல்தரையில் வெள்ளை உடுப்போடு குனிந்து பந்து உருட்டுகிற கிளப் அது. சராசரி வயது எழுபத்தெட்டு. குனிந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தாலே அன்றைக்கு நல்ல ஆட்டம்.

“யோவ், இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்க?” என்றான். “என் வராண்டாவுல வந்து திற. இங்க சட்டம் வேற. திறந்து, மூடி, தள்ளுவண்டியில வெச்சு அந்தப் பக்கம் கொண்டு போய்க் குடு.”

“அது சட்டப்படி சரியா?”

“தப்புன்னு எவனும் சொல்லலியே.”

“சரின்னு எவனாச்சும் சொன்னானா?”

“யோவ், உனக்கு வராண்டா வேணுமா வேணாமா?”

வேண்டும் என்றேன். நொலீனிடம் போய்ச் சொன்னேன். அவள் கண்களை மூடித் திறந்தாள். ஒரு நிபந்தனை போட்டாள்: எங்கே வேண்டுமானாலும் திற, ஆனால் ஷெல்லி சோதித்துப் பச்சைச் சீட்டு கட்டாமல் ஒரு சாமானும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. ஷெல்லி பதினோரு மணிக்கு மண்டபத்துக்கு வந்து எல்லாவற்றையும் சோதிப்பாள்.

ஊரில் லைசன்ஸ் உள்ள ஒரே எலக்ட்ரீஷியன் ஷெல்லி. வயது முப்பத்தொன்று. ஏழு வயதில் என் பஸ்ஸில் இரண்டு தடவை வாந்தி எடுத்தவள். அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

“நீ ஏம்மா இதுக்கு ஒத்துக்கிட்ட?” என்று அவளைக் கேட்டேன்.

“நான் ஒத்துக்கலைன்னா நிறுத்திடுவீங்களா? ஆளுக்கு ஒரு ஷெட்டுக்குள்ள போய்த் தனித்தனியா வெடிப்பீங்க. இங்கன்னா எல்லாரும் ஒரே இடத்துல இருப்பீங்க. ஆம்புலன்ஸுக்கும் சௌகரியம்.”

“சரி, நேரா சொல்லு. நான் பண்றது தப்பா, சரியா?”

“நெவ், டீ ஆறுது பாரு.”

இப்படித்தான். கேள்வியைக் கேட்டால் கோப்பையைக் காட்டுவாள்.

ஆகஸ்டும் செப்டம்பரும் அருமையாகப் போயின. காலை ஒன்பதுக்கு மண்டபத்தில் சாமான்களை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதுவோம். தள்ளுவண்டியில் ஏற்றி ரோட்டைக் கடப்போம். கிளப் வராண்டாவில் திறந்து மூடி, அட்டையில் ‘வேலை முடிந்தது’ என்று நேரம் போட்டு, திரும்ப மண்டபத்து மேசைக்கு. பதினோரு மணிக்கு ஷெல்லி. பச்சைச் சீட்டு. சொந்தக்காரர் வந்து அட்டையில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று நேரம் போட்டு எடுத்துப் போவார். லாரிக்காரர்கள் நின்று வழி விடுவார்கள். ஒரு தடவை நான்கு கெட்டில், இரண்டு டோஸ்டர், ஒரு தையல் இயந்திரத்தோடு ரோட்டைக் கடந்தபோது ஒரு டிரைவர் ஜன்னலைத் திறந்து, “தாத்தா, வீட்டை விட்டுத் துரத்திட்டாங்களா?” என்று கேட்டான்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு திருகாணி தளர்ந்ததற்காக நல்ல கெட்டில் ஒன்று குப்பைக்குப் போவதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. அது ஒரு நோய். என் மனைவி உயிரோடு இருந்தபோது அதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள், அச்சில் போட முடியாது.

அக்டோபர் வந்தது. அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை தெற்குப் பக்கத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். கோடை வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிறார்களாம். வடக்குப் பக்கத்தில் தள்ள மாட்டார்கள். மாடுகள் குழம்பும் என்று ஒரு கட்சி, திரைச்சீலை வெளுக்கும் என்று ஒரு கட்சி. ஆகவே ஆறு மாதத்துக்கு எங்கள் ஊரில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் பத்து என்றால் அந்தப் பக்கம் பதினொன்று. புத்தாண்டு இரண்டு தடவை பிறக்கும். செல்போன்களுக்கு ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் மனசு மாறும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? முப்பது வருடம் இரண்டு மணியிலும் பஸ் ஓட்டியவன். ஒரு பிள்ளையைக்கூட ஒரு மணி நேரம் முன்னால் இறக்கியதில்லை. ஆனால் ‘பதினோரு மணிக்கு ஷெல்லி’ என்று நாங்கள் பேசி வைத்தது குளிர்காலத்தில். அப்போது இரண்டு கடிகாரமும் ஒன்றாக இருந்தன. எந்தப் பதினொன்று என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஐல்சா தன் கரன்ட் வறுசட்டியைக் கொண்டு வந்தாள். சதுரமாக, மூடியோடு, கனமாக இருக்கும் அலுமினியச் சட்டி. ஐல்சாவுக்கு எண்பத்தொரு வயது, ஓடைக்கரையில் சக்கர வீடுகள் நிற்கும் கேரவன் பார்க்கில் நாயோடு தனியாக இருக்கிறாள். அவளுக்கு அடுப்பு, வாணலி, ஓவன் எல்லாமே அந்தச் சட்டிதான்.

“பிளக் உடைஞ்சு போச்சு கண்ணு. நாய் கடிச்சிருச்சு.”

“நாய்க்கு ஒண்ணும் ஆகலியே?”

“அதுக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கு. மத்தியானத்துக்குள்ள குடுத்திருவியா? சாசேஜ் வாங்கி வெச்சிருக்கேன்.”

புது பிளக் மாட்டுவது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்று கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தேன் என்று பிறகு தெரிந்தது. மூன்று வயர், மூன்று திருகாணி. மூடினேன். கிளப் கடிகாரத்தைப் பார்த்து அட்டையில் நேரம் போட்டேன்: 10.50. சட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து மண்டபத்து மேசையில் விட்டுவிட்டு, வாக்குவம் கிளீனர் ஒன்றைத் திறக்கத் திரும்பி வந்தேன். அதற்குள் ஒரு சாக்ஸும் அரைப் பூனையளவு முடியும் இருந்தன. நேரம் போனதே தெரியவில்லை.

நிமிர்ந்தபோது ஐல்சா எதிரில் நின்றாள்.

“ஆச்சா கண்ணு?”

கிளப் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று நாற்பது. ஷெல்லி பதினோரு மணிக்கு வருவாள், எல்லாம் சோதிக்கப் பத்து நிமிடம்.

“எப்பவோ ஆச்சு. ஷெல்லியும் பாத்திருப்பா. மேசைமேல இருக்கு, எடுத்துக்குங்க.”

“நீ தங்கம்டா,” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு ரோட்டைக் கடந்தாள். மண்டபத்தில் நொலீனிடம், “நெவ் எடுத்துக்கச் சொன்னான்,” என்றிருக்கிறாள். நொலீன் இரண்டு கையிலும் டீ தட்டோடு, “அட்டையில எழுதிட்டுப் போங்க ஐல்சா,” என்றிருக்கிறாள். ஐல்சா சட்டியைத் தன் காரில் வைத்து ஓட்டிப் போய்விட்டாள். பச்சைச் சீட்டு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

வாக்குவம் கிளீனரோடு நான் மண்டபத்துக்குப் போனபோது வாசலில் ஷெல்லியின் பிக்கப் வண்டி நின்றது. கருவிப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

“கிளம்பிட்டியா?” என்றேன்.

“இப்பத்தான் வரேன். மணி பதினொண்ணு.”

மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று. கிளப்பில் அப்போதே பன்னிரண்டு.

ஷெல்லி மேசையில் கிடந்த அட்டையை எடுத்தாள். ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

“நெவ். இந்த வறுசட்டியில வேலை முடிஞ்சது 10.50.”

“ஆமா.”

“அந்தம்மா வாங்கிட்டுப் போனது 10.45.”

“ஆமா… இல்ல…”

“அஞ்சு நிமிஷம் கழிச்சு ரிப்பேர் பண்ணப் போற சட்டியைக் குடுத்திருக்க. பெரிய ஆளுய்யா நீ.”

சிரித்துக்கொண்டே சொன்னவள், அட்டையின் கீழே தன் கையெழுத்துக்கு விட்டிருந்த காலி இடத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“சட்டி எங்க?”

நொலீன் ஐல்சாவுக்குப் போன் போட்டாள். ஐல்சா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போனை ஆன் செய்வாள். மற்ற நாளில் பேட்டரி தேயுமாம்.

“வண்டியில ஏறு,” என்றாள் ஷெல்லி.

ஓடைக்கரை நான்கு கிலோமீட்டர். ஷெல்லி ஓட்டிய ஓட்டத்தில் அது இரண்டு போலத்தான் இருந்தது. நான் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“பிளக்தானே மாட்டினேன். மூணு வயர். அதுல என்ன தப்பு நடக்கும்?”

“பேசாம வா.”

“அங்க கரன்ட் கசிஞ்சா அணைஞ்சிடற ஸ்விட்ச் இருக்கும்ல?”

“அந்த பார்க்கோட கரன்ட் பெட்டியை நான் பாத்திருக்கேன். உன்னைவிட வயசு அதிகம் அதுக்கு. பேசாம வா.”

“நான் சரியாத்தான் மாட்டியிருப்பேன், இல்ல?”

அவள் கியரை மாற்றினாள். காட்டுவதற்கு வண்டியில் டீ இல்லை. எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. மூன்று மாதமாக நான் எல்லோரையும் கேட்டது, செய்யலாமா, எந்தப் பக்கத்தில் நின்று செய்யலாம் என்றுதான். செய்தது சரியாக இருக்கிறதா என்று என் கையை நானே ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கேரவன் முன்னால் ஐல்சா தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டு முடித்திருந்தாள். சிமெண்ட் தரை முழுக்க ஈரம். அதன்மேல் வெறுங்காலோடு நின்றாள். பக்கத்து மேசையில் வறுசட்டி. அதில் சாசேஜ் பொரிகிற சத்தம். கையில் இரும்புக் கரண்டி. நாய் காலடியில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

“தொடாதீங்க!” வண்டி நிற்பதற்கு முன்னாலேயே கத்தினேன். “ஐல்சா, சட்டியத் தொடாதீங்க!”

அவள் கரண்டியோடு திரும்பினாள்.

“கத்தாத கண்ணு. உனக்கும் ரெண்டு இருக்கு.”

ஷெல்லி என்னைத் தாண்டி ஓடி, சுவர் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கை உருவினாள். சாசேஜின் சத்தம் மெல்ல அடங்கியது. நாய் மட்டும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

“என்னடி பண்ற? இன்னும் ஒரு பக்கம் வேகல.”

“ஒரு நிமிஷம் ஐல்சா.”

ஷெல்லி மீட்டரை எடுத்தாள். ஒரு முனையைச் சட்டியின் அலுமினிய உடம்பில் வைத்தாள். இன்னொன்றைப் பிளக்கின் நீளமான காலில்.

“பீப்னு சத்தம் வரணும்,” என்று என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

வரவில்லை. சுரண்டிவிட்டு மறுபடி வைத்தாள். வரவில்லை. அந்த மீட்டர் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அவள் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தாள். பீப் என்றது.

பிளக்கைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். பச்சையும் மஞ்சளுமான வயர் தன் இடத்தில்தான் இருந்தது. ஆனால் திருகாணி கடித்துப் பிடித்திருந்தது செம்பை அல்ல, மேலே உள்ள பிளாஸ்டிக் உறையை. அழகாக, இறுக்கமாக, அக்கறையோடு திருகியிருந்தேன்.

“நல்லாத்தானே வறுத்துச்சு?” என்றாள் ஐல்சா.

“வறுக்கும். இந்த வயர் இல்லாமலே வருஷக்கணக்கா வறுக்கும். உள்ள ஏதாவது ஒண்ணு விட்டுப்போற அன்னிக்குச் சட்டி உடம்பு முழுக்கக் கரன்ட் வரும். அதை பூமிக்கு எடுத்துட்டுப் போறதுக்குத்தான் இது. இது இல்லன்னா நீங்க எடுத்துட்டுப் போவீங்க. வெறுங்கால், ஈரத்தரை, கையில இரும்புக் கரண்டி.”

ஐல்சா தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உக்காரு கண்ணு. மூஞ்சி வெளுத்துப்போச்சு பாரு உனக்கு.”

கவிழ்த்து வைத்திருந்த வாளி ஒன்றில் உட்கார்ந்தேன். நாய் வந்து என் முழங்காலில் தலையை வைத்தது. நான்தான் சாசேஜ் தருவேன் என்று நினைத்திருக்கும். இந்த ஊரில் என்மேல் நம்பிக்கை வைப்பவர்களுக்கு இப்படித்தான் நடக்கிறது.

ஷெல்லி உறையைச் சீவிச் செம்பை வெளியே எடுத்து, வயரைச் சரியாக மாட்டி மூடினாள். மீட்டரை வைத்தாள். பீப். வேறு ஒரு கருவியை மாட்டி இன்னும் இரண்டு சோதனை செய்தாள். பச்சைச் சீட்டைக் கட்டினாள். ஐல்சாவைச் செருப்புப் போடச் சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். சாசேஜ் மறுபடி பேச ஆரம்பித்தது.

“ஷெல்லி,” என்றேன். “மூணு மாசமாக் கேக்கறேன். சட்டம் வேணாம், ரோடு வேணாம், டீயும் வேணாம். நேரா சொல்லு. நான் இதைப் பண்ணலாமா, கூடாதா?”

அவள் திருப்புளியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். என் எதிரே ஈரத்தரையில் குந்தி உட்கார்ந்தாள்.

“கூடாது நெவ். பிளக் இருக்கிற எதையும் நீ திறக்கக் கூடாது. ரோட்டுக்கு அந்தப் பக்கமும் கூடாது, இந்தப் பக்கமும் கூடாது. சட்டம் விட்டாலும் நான் விடமாட்டேன். குடை, நாற்காலி, சைக்கிள், கிழிஞ்ச பை, அதெல்லாம் உன்னுது. கரன்ட் சாமான் பூராவும் என்னுது. அடுத்த மாசம் ஒன்பது மணிக்கே வந்துடறேன். மண்டபத்து மணிக்கு.”